தவளைக்குப் படி கட்டியவர்

பெரிய மனிதர்களைப் பற்றி எழுதுவதற்குப் பெரிய படிப்புப் படித்தவர்கள் இருக்கிறார்கள். என் தங்கை வீட்டுக்காரரைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆள் கிடையாது. நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்கு ஒதுங்கியதைவிடக் கொஞ்சம் அதிகமாகப் படித்தவன், அவ்வளவுதான். ஆனால் மண் சுமக்கும் கூலியாக ஆரம்பித்து, ஆள் வைத்துக் கட்டடம் எழுப்பும் அளவுக்கு என் சொந்தக் காலில் ஏறி வந்தவன். இந்த ஊரில் எந்தத் தெருவில் நின்று கல்லை விட்டெறிந்தாலும் நான் கட்டிய சுவர் மேல்தான் விழும். ஆகவே நான் எழுதுவதும் சுவர் மாதிரி நேராகத்தான் இருக்கும்.

மாப்பிள்ளை கொத்தனார். வீடு கட்டுகிற கொத்தனார் அல்ல, தண்ணீர்த் தொட்டிக் கொத்தனார். மற்ற வேலையும் தெரியும், ஆனால் செய்ய மாட்டார். "வீட்டுக்குள்ள மனுஷன் இருக்கான், ஒழுகினா வாளி வச்சுப் பிடிச்சுக்குவான். தொட்டிக்குள்ள தண்ணி இருக்கு. அதுக்கு யாரு வாளி வைப்பா" என்பார். நான் எடுத்த கட்டடம் ஒவ்வொன்றிலும் தொட்டி அவருடையதுதான். ஆஸ்பத்திரித் தொட்டி, பள்ளிக்கூடத் தொட்டி, மாடி வீடுகளின் தொட்டி என்று எங்கே போய்க் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். ஒழுகவில்லை.

அதற்கு ஒரு காரணம் உண்டு. அவர் தனியாகக் கட்டிய முதல் தொட்டி ஒழுகிவிட்டது. வீட்டுக்காரர் நடுத்தெருவில் நிற்க வைத்துக் கேட்ட கேள்வியில் மனிதர் பாதியாகிவிட்டார். அன்றிலிருந்து ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டது. தொட்டி கட்டி முடித்துத் தண்ணீர் நிரப்பியதும், சுவரில் காதை வைத்துக் கேட்பார். வைத்தியர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பது போல ஒவ்வொரு பக்கமாகப் போய்க் கேட்பார். நானும் ஒருமுறை காதை வைத்துப் பார்த்தேன். எனக்குச் சுவர்தான் கேட்டது.

சம்பந்தம் பேச எங்கள் வீட்டுக்கு வந்த அன்று பெரியவர்கள் எல்லாம் பேசிக்கொண்டிருக்க, மாப்பிள்ளை மட்டும் தலையைச் சாய்த்துக்கொண்டே இருந்தார். கழுத்துச் சுளுக்கு என்று நினைத்தோம். பாதியில் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார். பெண்ணைப் பார்க்கத் துடிக்கிறார் என்று எல்லாரும் சிரித்தார்கள். அவர் உள்ளே போய், சொட்டிக்கொண்டிருந்த குழாயைக் கழற்றி, கைக்குட்டை ஓரத்தைக் கிழித்துச் சுற்றி, இறுக்கி மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார். பெண் பக்கத்தில் நின்றதைக் கவனித்தாரா என்று இதுவரை தெரியாது. தங்கச்சி கவனித்திருக்கிறாள். "இவரையே முடிச்சிடுங்கண்ணே. வீட்டுல ஒண்ணாவது ஒழுங்கா நிக்கும்" என்றாள்.

வயது யாரை விட்டது. முழங்கால் இரண்டும் மடங்க மாட்டேன் என்றன. மகன் நல்ல வேலைக்குப் போனதும், "போதும்ப்பா, இனி தொட்டிக்குள்ள இறங்க வேண்டாம்" என்று கரண்டியையும் மட்டக்கோலையும் எடுத்துப் பரணில் போட்டுவிட்டான். மாப்பிள்ளை வீட்டில் உட்கார்ந்தார். சும்மா உட்கார்ந்தாரா என்றால் இல்லை. வீட்டுக் குழாய்களை ஒவ்வொன்றாக இறுக்க ஆரம்பித்தார்.

தங்கச்சி என்னிடம் வந்து அழாத குறையாகச் சொன்னாள். "அண்ணே, கை கழுவுறதுக்கு ஒரு பயில்வானைக் கூப்பிட வேண்டியிருக்கு. இவரை எங்கயாவது கூட்டிட்டுப் போங்க."

எங்கள் தெரு முடிவில் ஒரு பழைய கிடங்கை இடித்த இடம் வெறுமனே கிடந்தது. செங்கல் துண்டும் முள்ளும்தான். தெருக்காரர்கள் சேர்ந்து அனுமதி வாங்கி, அங்கே ஒரு இயற்கைத் தோட்டம் போடுவதாக முடிவு செய்திருந்தார்கள். பூங்கா மாதிரி புல்லை வெட்டி நாற்காலி போடும் தோட்டம் அல்ல. பூச்சி, பறவை, தவளை எல்லாம் தானாக வந்து குடியிருக்கிற மாதிரியான தோட்டம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளாளுக்கு மண்வெட்டியோடு வந்துவிடுவார்கள். கூலி கிடையாது, தேநீர் உண்டு. தலைவி மாதிரி இருந்து நடத்தியவர் அறிவியல் சொல்லித்தரும் ஒரு டீச்சர். சின்ன உருவம், பெரிய தொப்பி. தொப்பி நடந்து வருவது போல இருக்கும். இடிபாட்டை அள்ளிப் போட முதலில் வந்த லாரி என்னுடையது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மூலையில் ஒரு குவியலை மட்டும் ஓணானுக்கு வேண்டும் என்று டீச்சர் விட்டு வைக்கச் சொன்னார். சரி, ஓணானும் பிழைக்கட்டும் என்று விட்டேன்.

மாப்பிள்ளையை அங்கே கொண்டுபோய் விட்டேன். வந்த முதல் நாள் செடி நடச் சொன்னார்கள். நூல் பிடித்து நட்டார். "ஐயா, காட்டுல யாரும் நூல் பிடிக்க மாட்டாங்க" என்று பஸ் டிரைவர் ஒருவர் சிரித்தார். அவரும் தொண்டு செய்ய வருகிறவர்தான். வாய் கொஞ்சம் நீளம். மாப்பிள்ளை திரும்பிப் பார்த்து, "அதனாலதான் காட்டுக்குள்ள வழி தெரியாமப் போகுது" என்றார். அதிலிருந்து இருவரும் நண்பர்கள்.

அப்புறம்தான் குளம் பேச்சு வந்தது. டீச்சர் ஒரு குச்சியால் தரையில் வட்டம் போட்டுக் காட்டினார். "சாப்பாட்டுத் தட்டு மாதிரி இருக்கணும் ஐயா. ஓரம் ஆழமே இல்லாம, நடுவுல போகப் போக ஆழமா. தவளையும் தட்டானும் வரணும்." மாப்பிள்ளை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். காதில் விழுந்தது தட்டுதான். கைக்குப் போவதற்குள் அது தொட்டியாகிவிட்டது.

டீச்சருக்கு அப்போது பரீட்சைக் காலம். சில வாரம் வரவில்லை. அதற்குள் மாப்பிள்ளை பரணிலிருந்து சாமான்களை இறக்கிவிட்டார். மகன் தடுத்ததற்கு, "இது வேலை இல்லடா, தோட்டம்" என்று பதில் சொன்னாராம். பஸ் டிரைவர் குழி வெட்டினார், மற்றவர்கள் செங்கல் எடுத்துக் கொடுத்தார்கள், சிமெண்ட் நான் அனுப்பினேன். மாப்பிள்ளை முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு உள்ளே இறங்கினார். இறங்கிய மனிதர் இளந்தாரியாகிவிட்டார். நான்கு பக்கமும் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்த சுவர். அதன் மேல் பூச்சு. பூச்சின் மேல் சிமெண்டுப் பால் தடவித் தேய்த்துத் தேய்த்து, முகம் பார்த்துத் தலை சீவலாம் போலப் பளபளப்பு. எத்தனையோ கட்டடம் பார்த்த என் கண்ணே சொல்லும், அது அவர் கட்டியதிலேயே முதல்தரமான தொட்டி. தண்ணீர் விட்டுக் காதை வைத்துக் கேட்டார். தரைக்குள் இருக்கிற தொட்டிக்கு வெளிச்சுவர் ஏது. மண்ணில் குப்புறப் படுத்துக் கேட்டார்.

டீச்சர் திரும்பி வந்து பார்த்தார். தொப்பி அப்படியே நின்றது. அப்புறம், "ரொம்ப அழகா இருக்குங்க ஐயா" என்றார். நல்ல பெண். எழுபது வயது மனிதர் முழங்கால் நோவோடு கட்டியதைப் பார்த்து வேறென்ன சொல்வார்.

சிமெண்டின் காரம் போக மாப்பிள்ளை தண்ணீரை நிரப்பி இறைத்து, நிரப்பி இறைத்து, வாயில் வைத்துப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகு விட்டார்கள். மழை வந்தது. மழையோடு ஒரு பெரிய தவளை வந்து உள்ளே குதித்தது. மறுநாள் பார்த்தால் தவளை சுவரோரமாகச் சுற்றிச் சுற்றி நீந்திக்கொண்டிருக்கிறது. டீச்சர் கூடையை விட்டுத் தூக்கி வெளியே விட்டார். "வயசான தவளையா இருக்கும், என்னைப் போல முட்டி வலி" என்று மாப்பிள்ளை சிரித்தார்.

அது சும்மா போகவில்லை. முட்டையிட்டுவிட்டுப் போயிருந்தது. கொஞ்ச நாளில் தொட்டி முழுக்கக் கறுப்புக் கறுப்பாக வால் ஆட்டிக்கொண்டு தலைப்பிரட்டைகள். மாப்பிள்ளை என் வீட்டுக்கே ஓடி வந்தார். ஓடினார் என்றால் அவர் முழங்காலுக்கு அது ஓட்டம்தான்.

"மச்சான், குடி வந்தாச்சு."

"எந்த வீட்டுக்கு?"

"என் தொட்டிக்கு. இத்தனை வருஷம் கட்டினேன், எதுலயாவது ஒரு உயிர் குடியிருந்திருக்கா? வந்தா மருந்து போட்டுல்ல கழுவச் சொல்லுவாங்க. இதுலதான் வந்திருக்கு."

அதிலிருந்து காலையில் எழுந்ததும் தோட்டம்தான். வீட்டில் இருந்த பேரனின் குட்டி நாற்காலியை எடுத்துப் போட்டுக் கரையில் உட்கார்ந்துவிடுவார். பெரியது, சின்னது, சண்டைக்காரன் என்று அவற்றுக்குள் ஆள் அடையாளம் வேறு. தங்கச்சி சொன்னாள்: "எங்க பையன் பொறந்தப்பகூட இப்படிப் பார்த்துக்கிட்டு உட்காரலண்ணே."

பின்கால்கள் முளைத்தன. அன்று டீச்சரால் அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. நானும் பக்கத்தில் இருந்தேன்.

"ஐயா, ஒண்ணு சொல்லணும். தப்பா எடுத்துக்கக் கூடாது. முன்கால் வந்து வாலும் போச்சுன்னா இதுங்க குட்டித் தவளையாயிடும். அதுக்கப்புறம் கரையேறி மூச்சு விடணும். நாள் பூரா நீந்திக்கிட்டே இருக்க முடியாது."

"ஏறட்டுமே."

"எதுல ஏறும் ஐயா?"

மாப்பிள்ளை தொட்டியைப் பார்த்தார். நேர்ச் சுவர். பளபளப்பு. பெரிய தவளை சுற்றிச் சுற்றி வந்தது ஏன் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். "ஒரு பலகையைச் சாய்ச்சு வைக்கலாம்" என்று மெதுவாகச் சொன்னார்.

"ஒண்ணு ரெண்டுன்னா பலகை போதும். இது நூத்துக்கணக்குல இருக்கு, எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம் முட்டிக்கிட்டு நிக்கும். ஒரு பக்கம் முழுக்கச் சரிவா இருக்கணும். மேல் சுவரைக் கொஞ்சம் இடிச்சிட்டா..."

இடிப்பது என்ற வார்த்தை வந்ததும் மாப்பிள்ளை எழுந்தார். குட்டி நாற்காலி அவரோடு ஒட்டிக்கொண்டு எழுந்தது. அதைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அவர் கட்டிய தொட்டியில் இதுவரை யாரும் ஒரு சில்லு எடுத்ததில்லை.

அடுத்த நாளும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். குழாய்கூட இறுக்கவில்லை. தங்கச்சிக்கு அதுதான் பயமாக இருந்தது. "திறந்து விட்டுப் பார்த்தேண்ணே, சொட்ட விட்டுப் பார்த்தேன். திரும்பிக்கூடப் பார்க்கல" என்று காதோடு சொன்னாள்.

"மாப்பிள்ளை, நான் மெஷின் அனுப்புறேன். ஒரு நிமிஷ வேலை. நீங்க அந்தப் பக்கம் பார்க்காதீங்க."

"மெஷினா? உள்ள பிள்ளைங்க இருக்கு மச்சான். அந்த அதிர்ச்சியிலயே செத்துப்போகும்."

"அப்ப என்ன செய்யறது?"

"நான் கொன்னுட்டேன்னு சொல்லிடுங்க" என்றார்.

அந்த ஞாயிறு, மாப்பிள்ளைக்குத் தெரியாமல், பஸ் டிரைவர் ஒரு சுத்தியலும் உளியும் எடுத்து வந்து, மெஷின் வேண்டாம், மெதுவாக மேல் விளிம்பை மட்டும் கொத்திப் பார்க்கிறேன் என்று ஆரம்பித்தார். நல்ல உடம்புக்காரர். அடித்தார், அடித்தார், சட்டையைக் கழற்றிவிட்டு அடித்தார். உளி முனை மழுங்கியது. கடைசியில் சுத்தியல் பிடி இரண்டாகப் பிளந்து தலை தனியாகப் போய்ப் புதரில் விழுந்தது. இதை நான் மாப்பிள்ளையிடம் போய்ச் சொன்னேன். ஆறுதலுக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னேன்.

மாப்பிள்ளை தலையைத் தூக்கினார். "எவ்வளவு உடைஞ்சது?"

"பொட்டு வைக்கிற அளவுக்கு."

"சுத்தியல் புதுசா, பழசா?"

"புதுசு. அன்னைக்குத்தான் வாங்கினது."

"ஆளு சோர்ந்துட்டாரா?"

"மண்ணுல உட்கார்ந்து தண்ணி கேட்டாரு."

மூன்று நாளைக்கப்புறம் மாப்பிள்ளை முகத்தில் பல் தெரிந்தது. "பாவம். சொல்லியிருந்தா நானே வேண்டாம்னு சொல்லியிருப்பேனே" என்றார். தங்கச்சியைக் கூப்பிட்டுத் தேநீர் கேட்டார். தேநீர் கொண்டுவந்து வைத்த தங்கச்சி, எங்கள் இரண்டு பேரையும் பார்த்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"உடைக்க முடியலன்னா ஏன் உடைக்கிறீங்க? உள்ளேருந்து படி வச்சு விடுங்க. வீட்டுக்கு மாடிப்படி வைக்கத் தெரியுதில்ல?"

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கட்டட வேலையில் நான் பார்க்காதது இல்லை. ஆனால் அது எனக்குத் தோன்றவில்லை என்று எழுத வேண்டியிருக்கிறது.

"அதுக்கு சிமெண்ட் வேணும்" என்றேன். "அனுப்பி வைக்கிறேன்."

மாப்பிள்ளை தன் விரல்களை விரித்துக் காட்டினார். நகத்தைச் சுற்றி வெந்து காய்ந்த தோல். "இத்தனை வருஷ சிமெண்ட் தண்ணி என் விரலையே தின்னுடுச்சு மச்சான். அதுங்க தோலு தாங்குமா? சிமெண்ட் கூடாது. வெறும் கல்லுதான்."

"சிமெண்ட் இல்லாம நீங்க எதையாவது கட்டியிருக்கீங்களா?"

"இல்ல" என்று எழுந்து துண்டை உதறினார்.

மறுநாள் காலையிலேயே ஆட்கள் கூடிவிட்டார்கள். முன்கால் முளைத்த ஒன்றை டீச்சர் முந்தின நாளே பார்த்திருந்தார், காத்திருக்க நேரமில்லை. தொட்டித் தண்ணீரை வாளியில் மொண்டு, பழைய துணியில் வடிகட்டி, துணியில் தங்கிய தலைப்பிரட்டைகளை மறுபடி தொட்டிக்கே விட்டார்கள். பாதித் தண்ணீர் குறைந்ததும் மாப்பிள்ளை உள்ளே இறங்கினார். முழங்கால் நோவு முகத்தில் தெரிந்தது, வாயில் வரவில்லை. நான் ஓணானுக்காக விட்டு வைத்த அந்த இடிபாட்டுக் குவியலிலிருந்து செங்கல் துண்டும் கல்லும் கைமாறி வந்தன. நான் அந்தக் குவியலை விட்டு வைத்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று பாருங்கள். பஸ் டிரைவர் கொடுக்க, மாப்பிள்ளை ஒவ்வொரு கல்லையும் தண்ணீருக்குள், தூங்குகிற பிள்ளையைப் பாயில் கிடத்துவது போல, சத்தமில்லாமல் வைத்தார். அடியில் பெரிசு, மேலே சின்னது, இடுக்கில் களிமண். ஒரு பக்கம் முழுக்கச் சரிவு எழும்பி விளிம்பைத் தொட்டது.

டீச்சர் புல்லுக்குள்ளிருந்து ஒரு குட்டித் தவளையைப் பிடித்து வந்து சரிவின் அடியில் விட்டார். அது இரண்டு எட்டு ஏறியது, அப்படியே சறுக்கித் தண்ணீரில் விழுந்தது. மறுபடி ஏறியது. மறுபடி விழுந்தது. எல்லாரும் குனிந்து பார்த்தோம். கல் இடுக்கிலும் மேலும் பூசிய களிமண்ணை மாப்பிள்ளையின் கை தடவித் தடவி, ஈரத்தில் கண்ணாடி மாதிரி ஆக்கி வைத்திருந்தது. அவருக்கே தெரியாமல்.

"ஐயா," டீச்சர் தயங்கித் தயங்கிச் சொன்னார், "கொஞ்சம் அசிங்கமா பண்ணுங்க."

"எப்படிம்மா?"

"மேடு பள்ளமா. கல்லு துருத்திக்கிட்டு இருக்கட்டும்."

மாப்பிள்ளை மண்ணைக் கலைத்தார். கல்லைத் துருத்தி வைத்தார். வைத்துவிட்டு டீச்சரைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருக்கையில் கை தானாகப் போய் அதை உள்ளே அமுக்கித் தடவிவிட்டது. பஸ் டிரைவர், "ஐயா, கை, கை" என்றார். மறுபடி கலைத்தார். மறுபடி தடவினார். மூன்றாவது தடவை அவருக்கே கோபம் வந்துவிட்டது. கையைத் தூக்கிப் பார்த்து, "சனியனே, சொன்ன பேச்சு கேக்குதா பாரு" என்றார்.

"இடது கையால பண்ணுங்க." இதைச் சொன்னது நான். தங்கச்சி தான்தான் சொன்னதாகச் சொல்கிறாள். வயதில் மூத்தவன் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இடது கையால் ஆரம்பித்தார். கொத்தனார் வேலைக்குப் புதிதாக வந்த ஆள் போல இருந்தது. கல் கோணலாக உட்கார்ந்தது, களிமண் அப்பளம் அப்பளமாக ஒட்டியது, விரல் தடம் எல்லாம் அப்படியே நின்றது. வலது கையைத் தங்கச்சி கரையில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டாள். கல்யாணத்துக்குப் பிறகு நாலு பேர் பார்க்க அவர்கள் கை கோத்து நான் பார்த்தது அன்றுதான். முடித்துவிட்டு மாப்பிள்ளை மேலே வந்து தன் வேலையைப் பார்த்தார். தொட்டியின் மூன்று பக்கம் கண்ணாடி. நாலாவது பக்கம் கோழி கிளறிய குப்பைமேடு.

"மச்சான், யாராவது கேட்டா அந்தப் பக்கம் நான் கட்டலன்னு சொல்லிடுங்க."

"யார் கட்டினதுன்னு சொல்றது?"

"டிரைவர்னு சொல்லுங்க."

"நான் பஸ்ஸை இதைவிட நல்லா நிறுத்துவேன் ஐயா" என்றார் டிரைவர்.

அப்புறம் காத்திருப்பு. முன்கால்கள் வந்தன, வால்கள் சுருங்கின. மாப்பிள்ளை குட்டி நாற்காலியில் உட்கார்ந்து சாப்பாட்டை மறந்தார். ஒரு நாள் காலை, மழை பெய்து ஓய்ந்து தூறல் மட்டும் இருந்தது. என்னைக் கூட்டிவரப் பஸ் டிரைவரை அனுப்பியிருந்தார். நான் குடையோடு போனேன். மாப்பிள்ளை குடை இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

கோணல் கல் ஒன்றின் மேல், விரல் நகத்தைவிடச் சின்னதாக, வால் இன்னும் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டு ஒரு தவளை. அது விரல் தடத்தில் கால் வைத்தது, அடுத்த தடத்துக்குத் தாவியது, துருத்திய கல்லில் மூச்சு வாங்கியது, விளிம்புக்கு வந்து புல்லுக்குள் மறைந்தது. பின்னாலேயே இன்னொன்று. அதன் பின்னால் சரிவு முழுக்கக் கறுப்பாக அசைந்தது. டீச்சர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதில் தண்ணீர் நிறைந்ததுகூடத் தெரியவில்லை.

நான் மாப்பிள்ளையின் தோளில் தட்டி, "என் தங்கச்சி புருஷன்னா சும்மாவா" என்றேன்.

அவர் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "மச்சான், அந்த மூணாவது வரிசையில ஒரு கல்லு ரொம்பக் கோணலா இருக்கு. லேசாத் தட்டி விடட்டுமா?"

"கை வச்சீங்க, தங்கச்சிகிட்ட சொல்லிடுவேன்."

மாப்பிள்ளை வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.